அரை ஆள்

எல் துராஸ்னால்,
2 ஆகஸ்ட் 1987

எலோய்,

நீ முதலில் எதைத் தேடுவாய் என்று தெரியும், அதையே முதலில் எழுதுகிறேன். டெலியா நன்றாக இருக்கிறாள். கீழ் ஈறில் இரண்டு வெள்ளை முனை தெரிகிறது. இருமல் பகலில் இல்லை. விடியற்காலையில் மட்டும் நாலைந்து முறை. எண்ணிக்கொண்டுதான் படுத்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை, கை வெடிப்பு தவிர. உன் முதுகு எப்படி? தெற்குக் காற்று இன்னும் ஆளைத் தள்ளுகிறதா?

நேற்று நிலத்தாய்க்குப் படைத்தோம். வெறும் வயிற்றில் அருவதா இலை ஊறிய சாராயம் மூன்று வாய் குடித்தேன். மூன்றாவது உன் பங்கு. பக்கத்து வீட்டு எதெல்வினா அக்காதான் குழி வெட்டினாள். வேகவைத்த சோளம் போட்டு மூடிவிட்டு, "இதுக்குப் பசி ஆத்தியாச்சு, இனி நம்ம பசியை யார் ஆத்துறது?" என்றாள். ஆடுகள் ஏழு குட்டி போட்டன, ஐந்து நிற்கின்றன. உச்சியில் பனி இன்னும் இருக்கிறது. ஆனால் பீச் மரத்தின் மொட்டு சிவந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். 24ஆம் தேதி வாய்க்கால் தூர் வாருகிறார்களாம். வீட்டுக்கு ஓர் ஆள். ஆள் வராத வீட்டுக்குத் தண்ணீர் முறை கிடையாது. இந்த மலையில் டிசம்பரில் கோடை வரும்வரை மழை இல்லை என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? முறை போனால் சோளம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, மாட்டுக்குக் குதிரைமசால் இல்லை. மாடு வற்றினால் டெலியாவுக்குப் பால் இல்லை.

கூலிக்கு யாரும் இல்லை. உன் வயதில் இருப்பவர்கள் எல்லாம் உன்னைப்போல் எண்ணெய்க் கிணற்றுக்கோ கரும்புக்கோ போய்விட்டார்கள். நானே போகிறேன். தண்ணீர் நடுவர் உன் சித்தப்பாதானே, அவருக்கு ஒரு வரி எழுதிப் போடு.

பட்டணத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்த என் கைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா என்று சிரிக்காதே. கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடாதே.

நில்டா


கொமதோரோ அருகே, முகாம்,
13 ஆகஸ்ட்

என் நில்டா,

உன் கடிதம் வந்த அன்று முகாமில் எல்லோருக்கும் பல் வந்த கதையைச் சொன்னேன். ஒருத்தன் "இவனுக்கே முளைச்ச மாதிரி குதிக்கிறான்" என்றான். என் முதுகு பரவாயில்லை. காற்று அப்படியேதான், நேற்று ஒரு தகரக் கூரை எங்களைக் கேட்காமலே பறந்து போயிற்று.

விடியற்காலை இருமலைப் பற்றி இன்னும் விவரமாக எழுது. சளி இருக்கிறதா? மூச்சில் சத்தம் வருகிறதா? இங்கே கூட வேலை செய்யும் ஒபர்த்தோவின் குழந்தைக்குப் போன வாரம் காய்ச்சல். தெருவைத் தாண்டினால் மருத்துவர். பத்து நிமிடம். அவன் வீட்டில் குழாயைத் திறந்தால் அடுப்படியிலேயே தண்ணீர் கொட்டுகிறது. யாரும் முறை கேட்பதில்லை.

குழந்தையை வைத்துக்கொண்டு நீ வாய்க்காலில் இறங்க வேண்டாம். சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கிழவர் வாய்தான் கடுமை.

டெலியாவின் இரண்டு முனைக்கும் ஒவ்வொரு முத்தம்.

எலோய்


எல் துராஸ்னால்,
25 ஆகஸ்ட்

எலோய்,

டெலியா நலம். சளி இல்லை, சத்தம் இல்லை, யூகலிப்டஸ் ஆவி பிடிக்கிறேன். நான் நலமா என்று கேட்காதே. கோபத்தில் இருப்பவள் நலமாக இருக்கிறாளா என்று எப்படிச் சொல்வது?

"பேசிக்கொள்கிறேன்" என்றாயே, எதை வைத்துப் பேசினாய்? நேற்றுவரை உன் சித்தப்பாவுக்கு உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? இந்த ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நான்தானே வாசிக்கிறேன்.

டெலியாவை எதெல்வினா அக்காவின் மருமகளிடம் விட்டுவிட்டு, உன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தலைமதகுக்குப் போனேன். சித்தப்பா கிரிசாந்தோ அளவுகோலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எலோய் வீட்டுக்கு யாரு?"

"நான்தான், மாமா."

"நீயாம்மா? பாடம் நடத்த வந்தியா, மண்ணு வார வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மருமகன் பாசிலியோவுக்குப் பதினைந்து கோல் நீளம் அளந்து கொடுத்தார். எனக்குப் பதினேழு. அதுவும் பாறை வளைவில், களிமண் இடுப்பு வரை இருக்கும் இடம். "முடியலைன்னா சொல்லிடு, வெக்கப்படாதே. அஞ்சு கோல் தாண்ட மாட்டே" என்றார்.

ஐந்தாவது கோலில் கை கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டேன். பகலில் இரண்டு முறை ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தேன்; சட்டை முழுக்கச் சேறு, அவள் மூக்கிலும் சேறு. பொழுது சாயும்போது பதினேழாவது கோலின் அடிக்கல் தெரிந்தது. பாசிலியோ எனக்கு முன்னால் முடித்துவிட்டு மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவன் வாரிய பகுதியில் சேறு கணுக்கால் அளவு மிச்சம் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

பிறகு சித்தப்பா மதகின் மேல் ஏறி நின்று வீடு வீடாகக் கூவினார். "பாசிலியோ வீடு, முழு ஆள்!" இப்படியே வந்து, "எலோய் வீடு, அரை ஆள்!"

நான் விடவில்லை. "மாமா, பதினேழும் வாரியாச்சு. அளந்து பாருங்க."

"அளந்துட்டேம்மா. சுத்தமாத்தான் இருக்கு."

"அப்புறம் எப்படி அரை?"

"பொம்பளைன்னா அரைதானே? நானா இப்ப புதுசாச் சொல்றேன்? எங்கப்பா நடுவரா இருந்தப்பவும் அரைதான்."

"எனக்குக் குடுத்த மண்ணும் பாதியாவா இருந்துச்சு?"

அவர் அடுத்த வீட்டைக் கூவத் திரும்பினார். எதெல்வினா அக்கா என் தோளைத் தொட்டு, "விடுடி. எங்க வீட்டுக்காரர் செத்ததுல இருந்து ஒன்பது வருஷமா நானும் அரைதான். பழகிடும்" என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பழகிவிடுமாம்!

அரை ஆளுக்கு அரை முறை. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீர், நமக்கு நடுப்பகலில் நின்றுவிடும். மீதிப் பாதி எங்கே போகும்? மதகை ஒட்டியிருக்கும் நிலத்துக்கு. அது யார் நிலம் என்று உனக்குத் தெரியும். உன் சித்தப்பாவின் குதிரைமசால் ஒன்பது வருடமாக எதெல்வினா அக்காவின் தண்ணீரைக் குடிக்கிறது.

கடைசியில் இவ்வளவுதான் சொன்னார்: "வீட்டு ஆம்பளை சொல்லாம நான் மாத்த முடியாது. அவன் எழுதட்டும், எழுதினதை மதகுல எல்லார் முன்னாடியும் வாசிக்கட்டும், மாத்திச் சொல்றேன்." வழக்கம் உனக்குத் தெரியும். செப்டம்பர் 21ஆம் தேதி மதகில் உரக்கச் சொல்வதுதான் அடுத்த ஏப்ரல் வரை சட்டம். காகிதம் அல்ல, காதில் விழுந்த சொல்.

அதற்குள் எழுது. இரண்டே வரி. "என் மனைவியே என் வீட்டின் ஆள், அவளை முழுதாக எண்ணுங்கள்." இதை எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கை வலிக்கிறது. இதோடு நிறுத்துகிறேன்.

நில்டா


எல் துராஸ்னால்,
5 செப்டம்பர்

எலோய்,

டெலியா நலம். நான் காத்திருக்கிறேன்.

முந்தாநாள் நம் முறை. நடுப்பகலுக்குச் சரியாகப் பாசிலியோ வந்து மதகுப் பலகையை இறக்கிவிட்டான். தண்ணீர் உருளைக்கிழங்கின் எட்டாவது வரிசைவரை போயிருந்தது. மொத்தம் பதினெட்டு. எட்டாவது வரிசையில் நின்று பார்த்தால் இந்தப் பக்கம் கறுப்பு மண், அந்தப் பக்கம் வெளுத்த மண்.

பீச் பூத்துவிட்டது. பூத்த மறுநாளே உறைபனி. பூ கருகாமலிருக்க விடியுமுன் மரத்தடியில் ஈர வைக்கோலும் சாணமும் போட்டுப் புகை மூட்டினேன். வீட்டுப் பக்கத்து மூன்று மரம் தப்பித்தது. புகை உள்ளே வந்துவிடுமோ என்று கதவிடுக்கில் கம்பளி திணித்துவிட்டுப் போனேன். பாதியில் வந்து வந்து அவள் மூச்சைப் பார்த்தேன். மரத்தைப் பார்ப்பதா, குழந்தையைப் பார்ப்பதா என்று இங்கே என்னிடம் யாரும் கேட்பதில்லை. இரண்டையும் பார்க்கிறவளுக்குப் பெயர் அரை ஆள்.

எழுதிவிட்டாயா?

நில்டா


முகாம்,
6 செப்டம்பர்

என் நில்டா,

நான் சுகம். உன் கை ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். அதில் ஆட்டுக் கொழுப்பு தடவு.

அரை ஆள் விஷயத்தைப் படித்தேன். அவர்கள் அப்படித்தான், உனக்குத் தெரியாததா? மனதில் போட்டுக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை ஒபர்த்தோ வீட்டில் சாப்பிட்டேன். இரண்டு அறை, மரத்தரை, ஜன்னலில் நின்றால் கடல் தெரிகிறது. அவன் மனைவி நம்மைப்போல் வடக்கே, துக்குமான் பக்கத்துக்காரி. "முதல் மாசம் அழுதேன், இப்ப போகச் சொன்னாலும் போகமாட்டேன்" என்கிறாள். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஆசிரியை போதவில்லை என்று அவளே சொன்னாள். உன் பயிற்சிச் சான்றிதழ் பெட்டியில்தானே இருக்கிறது? எலி கடிக்காமல் பார்த்துக்கொள்.

டெலியாவுக்கு இருமல் இருக்கிறதா இல்லையா என்று நீ எழுதவில்லை. நலம் என்று மட்டும் எழுதினால் எனக்குப் போதாது.

சித்தப்பாவைப் பற்றி இனிக் கவலைப்படாதே. இன்று அவருக்கும் எழுதிவிட்டேன். எல்லாம் சரியாகிவிடும்.

எலோய்


எல் துராஸ்னால்,
16 செப்டம்பர்

அன்பு எலோய்,

எழுதிவிட்டாயே! அந்த ஒரு வரியை எதெல்வினா அக்காவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். "உன் புருஷன் பரவாயில்லடி, எழுதிட்டான். எனக்கு யாரு எழுதுவா, செத்தவனா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

போன கடிதத்தில் கடுமையாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள். தூக்கம் இல்லாதவள் எழுத்து அப்படித்தான் இருக்கும். இருமலைப் பற்றிக் கேட்டாய்: போன வாரம் திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. புதனன்று இறங்கிவிட்டது. நடுவில் இருந்த இரண்டு நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. இப்போது ரொட்டித் துண்டைச் சப்பிக்கொண்டு என் பேனாவைப் பிடுங்க வருகிறாள்.

நேற்று நம் முறை, மறுபடியும் எட்டாவது வரிசைவரைதான். ஆனால் இந்தத் தடவை எனக்கு எரியவில்லை. 21ஆம் தேதிக்குப் பிறகு பதினெட்டும் நனையும்.

உன் சித்தப்பா சனிக்கிழமை கீழே யமீல் கடைக்குத் தபால் வாங்கப் போகிறார். அந்தக் கடிதத்தை எப்படியும் என்னிடம்தானே கொண்டுவருவார்! நீ என்னைப் பற்றி எழுதியதை நானே உரக்க வாசிக்க வேண்டும். வெட்கமாக இருக்கும்.

போன வருடத்து உலர்ந்த பீச் ஒரு பை அனுப்புகிறேன். ஒபர்த்தோ மனைவிக்கும் கொஞ்சம் கொடு.

உன் நில்டா


எல் துராஸ்னால்,
21 செப்டம்பர்

திரு. எலோய் கர்ரீசோ அவர்களுக்கு,

உங்கள் மகள் நலம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்று இளவேனில் நாள். பன்னிரண்டு வீடும் தலைமதகில் கூடியது. டெலியாவை முதுகில் கட்டிக்கொண்டு, நல்ல பாவாடை உடுத்திக்கொண்டு போனேன். உங்கள் சித்தப்பா சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "யமீலுக்கு நேரமில்லையாம். நீயே வாசிம்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்று நீட்டினார். உறையின் வாய் மாவுப்பசையால் தடிமனாக ஒட்டியிருந்தது. பசை வாங்கக்கூட நேரமில்லாமல் எனக்காக அவசரமாக ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்படியும் ஒரு முட்டாள் இருந்தாள்.

நீங்கள் எழுதியதை நீங்களே மறந்திருக்கக்கூடும். நான் மறக்கவில்லை:

"சித்தப்பா, என் வீட்டுத் தண்ணீரை இந்தப் பருவம் முழுவதும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்குள் நில்டாவையும் குழந்தையையும் இங்கே அழைத்துக்கொள்வேன். கம்பெனி வீட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது. நிலம் காய்ந்துவிட்டால் பிடிவாதம் பிடிக்க மாட்டாள். இதை அவளிடம் கொடுக்காதீர்கள், யமீலை வாசிக்கச் சொல்லுங்கள்."

எழுத்துக்களின் மேல் என் கட்டைவிரல் இருந்தது. ஆறியிருந்த வெடிப்பு மறுபடி திறந்துகொண்டது. முதுகில் உங்கள் மகள் என் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, எழுத்து புரியலையா?" என்றான் பாசிலியோ.

நான் வாசித்தேன். உரக்க வாசித்தேன். என்ன வாசித்தேன் தெரியுமா?

"சித்தப்பா, என் வீட்டுக்கு என் மனைவி நில்டாவே ஆள். நான் இல்லாத நாளில் அவள் சொல்லே என் சொல். பதினேழு கோல் வாரியவளை அரை என்று சொல்வது எனக்கு அவமானம். அவளை முழுதாக எண்ணுங்கள். இப்படிக்கு, எலோய்."

உங்கள் சித்தப்பா என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. எதெல்வினா அக்கா பின்னாலிருந்து, "கிரிசாந்தோ, வாய்க்குள்ள ஈ போகுது! ஆளை எண்ணு!" என்று கத்தினாள். அவர் மதகில் ஏறினார்.

"நில்டா வீடு, முழு ஆள்!"

உங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

பொய் சொன்னேன். பன்னிரண்டு வீட்டின் முன்னால், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரப் படித்த நான், எழுதாததை எழுதியதாக வாசித்தேன். அதற்கு வெட்கப்படுகிறேன். ஆனால் முதலில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள். என்னைக் காயவைத்தால் நான் வந்துவிடுவேன் என்று நினைத்தீர்களா? முரண்டு பிடிக்கும் மாட்டை ஓட்டிப் போகுமுன் தண்ணீர் காட்டாமல் வைப்பார்களே, அப்படியா? இந்த ஊரில் மற்றவர்கள் என்னை அரை ஆள் என்று உரக்கச் சொன்னார்கள். நீங்கள் அதையும் உறைக்குள் வைத்துச் சொன்னீர்கள்.

நில்டா


முகாம்,
2 அக்டோபர்

நில்டா,

டெலியாவுக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லையே? அதை மட்டுமாவது எழுது.

நீ செய்தது பெரிய பொய். என் ஊருக்கு முன்னால், என் பெயரில். இது சித்தப்பாவுக்குத் தெரிய வந்தால் நம் குடும்பத்துக்கு அந்த மதகில் நிற்கவே இடம் இருக்காது. தெரியாமல் போகாது. நாளை அவருக்கு உண்மையை எழுதப் போகிறேன். வேறொருவர் வாயால் கேட்பதற்கு முன்னால் என்னிடமிருந்து கேட்கட்டும்.

நான் செய்ததும் தவறு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. போன வருடம் ஜூலையில் எதெல்வினா அக்காவின் பேரனைக் காய்ச்சலோடு கோவேறு கழுதையில் வைத்துச் சாலைக்குக் கொண்டுபோனோமே. கயிற்றைப் பிடித்திருந்தது நான். பாதி வழியில் அக்கா "நிறுத்து" என்றாள். "எதுக்கு நிறுத்தணும், சீக்கிரம் போகணும்" என்றேன். "இனி சீக்கிரம் வேண்டாம்" என்றாள்.

நீ விடியற்காலை இருமலை எண்ணுகிறாய். நான் இங்கே எதை எண்ணுவது? உன் கடிதம் வரப் பத்து நாள் ஆகிறது. நலம் என்று நீ எழுதியதை நான் வாசிக்கும்போது அது பத்து நாள் பழைய நலம்.

எலோய்


எல் துராஸ்னால்,
12 அக்டோபர்

எலோய்,

டெலியாவுக்குக் காய்ச்சல் இல்லை. மேல் பல்லும் வந்துவிட்டது. நேற்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இது இன்றைய நலம். உன் கைக்கு வரும்போது பழையதாகும், என்னால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அந்தக் கழுதை போன பாதை நம் வாசலிலிருந்து தெரியும் என்பதை மறந்துவிட்டாயா? தினமும் துணி காயப்போடும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் காயப்போடுகிறேன். அவள் தூங்கும்போது மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். பயம் உனக்கு மட்டும் சொந்தம் என்று யார் சொன்னது?

நீ கேட்டிருக்கலாம். "நில்டா, பயமாக இருக்கிறது, வந்துவிடு" என்று ஒரு வரி. நான் யோசித்திருப்பேன். வந்திருப்பேனோ என்னவோ. சான்றிதழை எடுத்துத் தூசி தட்டியும் வைத்திருப்பேன். நீ கேட்கவில்லை. என் தண்ணீரை நிறுத்தினாய்.

உண்மையை எழுதியிருப்பாய். எழுது. உன் சித்தப்பா இந்த வாரம் கீழே போகிறார். அவர் குதிரைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டெலியாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். மதகில் எல்லார் முன்னாலும் என்னைப் பொய்க்காரி என்று கூவினால், நான் தலையைக் குனிய மாட்டேன். ஆனால் எதெல்வினா அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? இளவேனில் நாள் முடிந்த மறுநாளே அவளும் மதகில் போய் நின்றுவிட்டாள், தெரியுமா? "அவ முழுசுன்னா நான் எப்படி அரை?" என்று. பதில் வரும்வரை நகர மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்து கம்பளி நூற்றாள். சித்தப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.

போன முறைத் தண்ணீர் பதினெட்டு வரிசையும் பாய்ந்தது. கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அது பொய்யால் வந்த தண்ணீர். மண்ணுக்கு அது தெரியவில்லை.

நில்டா


எல் துராஸ்னால்,
19 அக்டோபர்

எலோய்க்கு, உன் சித்தப்பா கிரிசாந்தோ கர்ரீசோ சொல்ல, நில்டா எழுதுவது. (சொல்வதைச் சொல்கிறபடியே எழுதச் சொல்லியிருக்கிறார். அதனால் பேச்சு அவருடையது. எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.)

தம்பி, நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன், முட்டிதான் படி ஏறுறப்ப கத்துது. உன் பொண்ணு என் தொப்பியக் கடிச்சுக்கிட்டு இருக்கா. நாலு பல்லு. தொப்பி போச்சு.

உன் ரெண்டாவது கடுதாசி வந்துச்சு. "வாசிக்கட்டுமா?"ன்னான் யமீல். வேண்டாம்னுட்டேன். பிரிக்காமலே அடுப்புல போட்டேன். உள்ள என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்.

முதல் கடுதாசியையும் யமீல்தான் வாசிச்சான். மதகுக்குக் கொண்டுபோறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே. ஒரு எழுத்து விடாம வாசிச்சான்.

(இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "எழுது, எழுது, நிறுத்தாதே" என்கிறார்.)

கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். என் குதிரைமசால் காயுது. ஆனா மதகுல வாசிக்காம எடுத்தா அது திருட்டு. அதனால மாவுப்பசை போட்டு ஒட்டிக் கொண்டுபோனேன். அவ வாயாலயே படிக்கட்டும், படிச்சா வாயடைஞ்சு போவா, நான் எடுத்துக்கலாம்னு நினைச்சேன். அவ இருக்கிறத இருக்கிறபடி படிச்சிருந்தா எடுத்திருப்பேன். எழுதும்மா, எடுத்திருப்பேன்னு எழுது.

அவ வேற கடுதாசி படிச்சா. காகிதம் நடுங்குச்சு, குரல் நடுங்கல. "இது அதுல இல்லையே"ன்னு சொல்ல வாயத் திறந்தேன். சொல்லணும்னா, தெரிஞ்சுக்கிட்டே ஒட்டிக் கொண்டுவந்ததையும் சொல்லணும். அந்த எதெல்வினா வேற ஈங்கறா. அன்னிக்குச் சாயங்காலம் தனியாப் போய் அந்தப் பாறை வளைவை மறுபடி கோல் வச்சு அளந்தேன். பதினேழு. அடிக்கல்லு பளிச்சுன்னு கிடக்கு. என் மருமகன் இடத்துல கால வச்சேன், கணுக்கால் வரைக்கும் சேறு. அவன நான் முழு ஆளுன்னு கூவியிருக்கேன். எனக்கே அசிங்கமாப் போச்சு.

அதனால சொல்றேன் கேளு. அவ படிச்சதுதான் உன் கடுதாசி. மதகுல காதுல விழுந்ததுதான் சட்டம். நீ எழுதுனது யமீல் கடையோட போச்சு. அப்படி ஒண்ண எழுதி, அத என் கையில குடுத்து, பொண்டாட்டிக்குத் தெரியாம வச்சுக்கோன்னு என்னையும் திருடனாக்கப் பாத்தியேடா! எழுபத்தோரு வயசுல மாவுப்பசை காய்ச்ச வச்சுட்டே. இனிமே இப்படி எழுதுனா நானே பஸ் ஏறி வந்து காதத் திருகுவேன்.

எதெல்வினாவையும் நேத்து முழுசா எண்ணிட்டேன். எண்ணாம விட்டா அவ மதகுலயே குடித்தனம் போட்டுடுவா போலிருக்கு. என் குதிரைமசாலுக்கு இனி மழைதான்.

(பேனாவை நான் இன்னொரு முறை கீழே வைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் டெலியாவின் வாயிலிருந்து தொப்பியை இழுத்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு அரைன்னு சொன்னது என் தப்புதான். அதையும் எழுதிக்கோ" என்றார். "இங்க எழுதினா போதாது மாமா, மதகுல ஏறிச் சொல்லணும்" என்றேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை" என்றார்.)

அவ அங்க வர்றாளா, இங்கயே இருக்காளா, அத அவகிட்டக் கேளு. என்கிட்டக் கேக்காத. குழந்தைக்கு முடியலைன்னா ராத்திரியோ பகலோ என் குதிரை நிக்குது. சேணத்தக் கழட்டுறதில்ல. இதயும் அவகிட்டச் சொல்லியாச்சு.

வர்ற ஆகஸ்டுல தூர் வாருறோம். முடிஞ்சா வா. மண்வெட்டி பிடிச்சு ரொம்ப நாளாச்சு உனக்கு, கை மெத்துன்னு ஆகியிருக்கும். பொண்டாட்டி பக்கத்துல எடம் தர்றேன். வாரிக் காட்டு, பாப்போம்.

அதுவரைக்கும் உன்ன அரைன்னுதான் கூவுவேன்.

சித்தப்பா
கிரிசாந்தோ
(அவர் கைரேகை)

எலோய், அவர் சொன்னதை எல்லாம் எழுதிவிட்டேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

நில்டா